மனநோயும் மனைப் பொருளாதாரமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பட்டிமன்றத்திற்கும் பரதநாட்டியத்திற்கும் இடையே அரை மணி நேரத்தை எமக்கு ஒதுக்கியுள்ளனர். திரைக்குப் பின்னே சிறுமியர் சலங்கை கட்டிக்கொண்டு காத்திருக்கின்றனர். அவர்களை நெடுநேரம் நிற்கவைக்க எமக்கு விருப்பமில்லை. "பொருளாதாரம் பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். விலைவாசி பற்றியோ வரிச்சுமை பற்றியோ நாம் பேசுவோம் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் நாம் எடுத்துக்கொண்ட பொருள், மனநோயால் குடும்பத்திற்கும் சமுதாயத்திற்கும் நேரும் பொருளிழப்பு என்பதாகும். விழா நாளில் இப்பேச்சு வேண்டுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாம் இத்தனை பேர் ஓரிடத்தில் கூடும் நாள் ஆண்டில் வேறு எது?

நாம் மருத்துவர் அல்லோம், கணக்கர். ஆலை ஒன்றின் சம்பளப் பிரிவில் 31 ஆண்டுகள் பேரேடு எழுதி ஓய்வு பெற்றோம். விடுப்பு விண்ணப்பங்கள் அனைத்தும் எமது மேசை வழியாகவே சென்றன. ஒரு தொழிலாளி எத்தனை நாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை அவருடைய மனைவி அறியுமுன்பே நாம் அறிவோம் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அந்த 31 ஆண்டுகளில், மனநோய் என்று காரணம் எழுதிய விண்ணப்பம் ஒன்றைக்கூட நாம் கண்டதில்லை. முதுகுவலி கண்டோம், வயிற்றுப்புண் கண்டோம், ஒரே ஆண்டில் மூன்று முறை மஞ்சட்காமாலை வந்தவரையும் கண்டோம். அம்மூன்றாமவர் உண்மையில் காலை வேளைகளில் படுக்கையைவிட்டு எழ இயலாமல், சுவரை நோக்கிப் படுத்துக் கிடந்தார் என்பதை மிகப் பின்னரே அறிந்தோம். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. சோம்பேறி என்ற பெயர் வந்தது. அப்பெயரை அவருடைய கோப்பில் ஏற்றியவர்களுக்கு விடுப்புக் கணக்கை எடுத்துக் கொடுத்தவர் நாமே. இன்று பேச எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் முடிவில், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் என நான்கு கூறுகளால் அமைவது என்று சொல்லிப் போகிறார். கணக்கர் என்ற முறையில் இதனைப் பார்த்தால் ஒரு வியப்புத் தோன்றுகிறது. நோயாளி இழக்கும் ஊதியத்தைக் கணக்கிடலாம். மருத்துவரின் கட்டணத்திற்குச் சீட்டு உண்டு. மருந்துக் கடைக்காரர் பட்டியல் தருகிறார். நான்காமவருக்கு மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஒரு வரி இல்லை. மனநோயைப் பொறுத்தவரை, பெருஞ்செலவு அந்த நான்காமவரிடமே மறைந்து கிடக்கிறது என்பது எமது துணிபு.

முதலில் பெரிய எண்கள் சிலவற்றைச் சொல்லி முடித்துவிடுவோம். மனச்சோர்வு, பதற்றம் என்னும் இருவகை நோய்களால் மட்டும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்றும், அதன் மதிப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி டாலர் என்றும் உலக நல நிறுவனம் கூறுகிறது. 2012 முதல் 2030 வரை இந்தியாவிற்கு மனநோய்களால் நேரும் பொருளிழப்பு 1.03 லட்சம் கோடி டாலர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. இவ்வெண்களை எழுதும்போது எமது கையே தயங்குகிறது. இத்தனை சுழியங்களுக்குப் பின்னால் ஒரு மனித முகம் தெரிவதில்லை.

சற்று அருகில் வருவோம். 2015-16-ஆம் ஆண்டில், நம் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தேசிய மனநல ஆய்வு ஒன்றை 12 மாநிலங்களில் நடத்தியது. தமிழ்நாடு அதில் இடம்பெற்றது. கருநாடகம் இடம்பெறவில்லை, ஆயினும் முன்னோட்டமாக ஆய்வைச் செய்து பார்த்தது நமக்கு அறிமுகமான கோலார் மாவட்டத்தில்தான். 34,802 வளர்ந்தோரைக் கண்டு பேசினர். அப்போது மனநோயால் துன்புற்றுக்கொண்டிருந்தவர் நூற்றுக்கு 10.6 பேர், பெருநகரங்களில் நூற்றுக்கு 14.7 பேர். இந்த மன்றத்தில் இன்று பெரியவர்கள் மட்டும் முந்நூறு பேர் அமர்ந்திருக்கிறோம். பெருநகரக் கணக்கு நமக்கும் பொருந்துமாயின், நாற்பதுக்கு மேற்பட்ட நாற்காலிகளில் அத்துன்பமும் உடன் அமர்ந்திருக்கிறது. அவர்களுள் மருத்துவரிடம் சென்றவர் எத்தனை பேர்? நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர்வரை சிகிச்சை பெறாமலே இருக்கின்றனர் என்றது அவ்வாய்வு.

சிகிச்சை பெறும் குடும்பங்கள் மருந்துக்கும் பயணத்திற்குமாக மாதந்தோறும் ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய் செலவிட்டன என்பதும் அவ்வாய்வில் காணப்படும் செய்தி. நாட்கூலி பெறுவோருக்கு இது சுமையே. எனினும் சம்பளம் வாங்கும் நம்போன்றோர், "இவ்வளவுதானா?" என்று கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடையாக ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லுகிறோம். அவர்களின் இசைவு பெற்றே சொல்லுகிறோம். அடையாளம் தெரியாதவாறு சிலவற்றை மாற்றியிருக்கிறோம். யார் என்று தேடவேண்டாம் என இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

தந்தை இயந்திரப் பிரிவில் ஃபிட்டர். வடஆர்க்காட்டிலிருந்து இளமையிலேயே இவ்வூருக்கு வந்தவர். தாயார் வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்து மாதம் நாலாயிரம் ரூபாய் ஈட்டிவந்தார். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மூத்த மகன் பொறியியல் மூன்றாமாண்டில் இருந்தபோது பேச்சைக் குறைத்தான், உறக்கம் கெட்டது, அண்டை வீட்டார் தன்னைப்பற்றிச் சுவருக்கு அப்பால் பேசுகின்றனர் என்றான். முதலில் கெட்ட சகவாசம் என்றனர். பிறகு கண்ணேறு என்றனர். அதன்பின் செய்வினை என்றனர். தந்தையார் நம்மைப் போலவே கணக்கு எழுதும் பழக்கமுடையவர். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். அதனை எமக்குக் காட்டினார்.

நான்காண்டுகளில் பரிகாரங்களுக்கும், மந்திரிப்பவர்களுக்கும், ஊர் ஊராகச் சென்ற வண்டிச் சத்தத்திற்கும் ஆன செலவு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். மகனைத் தனியே விட இயலாமையால் தாயார் தையலை நிறுத்தினார்; அந்த வருவாய் இழப்பை மட்டும் கூட்டினால் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். தந்தையார் இதனை நோட்டில் எழுதவில்லை. "அம்மா கணக்கு எங்கே ஐயா?" என்று நாம் வினவியபோது, "அவள் வீட்டில்தானே இருந்தாள்?" என்றார். மகள் ஓராண்டு கல்லூரிக்குப் போகாமல் அண்ணனுக்குக் காவல் இருந்தாள்; அதுவும் நோட்டில் இல்லை. இரவில் உறங்காமல் காலைச் சங்குக்கு ஆலைக்கு வந்த தந்தையார் ஒருநாள் அளவு தவறிக் கடைந்து, ஒரு தொகுதி உறுப்புக்கள் முழுவதையும் கழிவில் தள்ளும்படி ஆயிற்று. வருகைப் பதிவேட்டில் அன்று அவர் முழுநாள் வேலை செய்திருக்கிறார்! இறுதியில், ஓய்வு வயதுக்கு ஐந்தாண்டு முன்னரே விருப்ப ஓய்வு பெற்றார். ஓசூருக்கு அருகில் வாங்கியிருந்த மனையும் விற்கப்பட்டது.

இத்தனையும் நிகழ்ந்த அந்த நான்காண்டுகளில் மனநோய்க்கான மருந்துச் செலவு என்ன என்று நோட்டில் தேடினோம். ஒரு காசும் இல்லை. மருந்தே வாங்காத காலத்தில்தான் அக்குடும்பம் தன் பொருளில் பெரும்பகுதியை இழந்தது.

ஐந்தாம் ஆண்டில் உறவினர் ஒருவர் வற்புறுத்தியதன்பேரில் நிம்ஹான்ஸுக்கு அழைத்துச் சென்றனர். அதற்குப் பிந்திய பக்கங்களில் மாதம் அறுநூறு ரூபாய் என்று மாத்திரைச் செலவு காணப்படுகிறது. மகன் முழுதும் பழைய நிலைக்கு வந்துவிட்டான் என்று நாம் சொல்ல மாட்டோம். உடல் பருத்தது, சில நாட்களில் இன்னும் ஒடுங்கிவிடுகிறான், பொறியியல் படிப்பை முடிக்கவில்லை. எனினும் பகலில் அரைநாள் ஒரு நகலெடுக்கும் கடையில் வேலை செய்கிறான். தாயாரின் தையல் இயந்திரம் மீண்டும் ஓடுகிறது. அவ்வோசை எமது வீட்டு மாடிவரை கேட்கும்.

ஏன் நான்காண்டுகள் காத்திருந்தீர்கள் என்று நாம் கேட்கவில்லை, அவரே சொன்னார். மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். வெளியில் தெரிந்தால் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியுமா என்ற அச்சம். அவ்வச்சத்தை மூடத்தனம் என்று எளிதில் தள்ளிவிட எம்மால் இயலவில்லை. நம் காலனியில் வரன் விசாரிக்க வருகிறவர்களுக்கு நாமெல்லாரும் என்ன விடை சொல்லுகிறோம், எந்தக் குரலில் சொல்லுகிறோம் என்பதை அவர் அறிந்தே அஞ்சினார்.

இஃது ஒரு வீட்டுக் கதைதானே என்று கேட்பீராயின், நம் மாநிலத்திலேயே முறையாகச் செய்யப்பட்ட ஓர் ஆராய்ச்சியைச் சொல்லலாம். நிம்ஹான்ஸின் பேராசிரியராக இருந்த டாக்டர் ஆர். சீனிவாச மூர்த்தியும் அவருடன் பணியாற்றியவர்களும், கருநாடகத்தின் ஊர்ப்புறங்களில், மனச்சிதைவு நோய் இருந்தும் சிகிச்சையே பெறாமலிருந்த 100 பேரைக் கண்டறிந்து, அவர்கள் வாழும் இடத்திலேயே மருத்துவம் கிடைக்கச் செய்து, ஒன்றரை ஆண்டு தொடர்ந்து கவனித்தனர். முடிவுகள் 2005-இல் வெளிவந்தன. மருத்துவச் செலவு ஏறியது உண்மை. ஆனால் நோயின் கடுமையும் குடும்பத்தின் பாரமும் இறங்கின. மந்திரிப்போர் போன்ற பிறரை நாடும் செலவும், வீட்டார் காவலுக்கெனச் செலவிட்ட நேரத்தின் மதிப்பும் உடன் இறங்கின. அவ்வாராய்ச்சியாளர்கள் எமது ஃபிட்டர் நண்பர் எழுத மறந்த வரியைத் தம் கணக்கில் எழுதினார்கள். அதனால்தான் உண்மை புலப்பட்டது.

கோயிலுக்கோ தர்காவிற்கோ செல்வதை நாம் குறை கூறுகிறோம் என்று எவரும் கொள்ளவேண்டா. மன ஆறுதல் எங்குக் கிடைத்தாலும் நன்றே. போகும்போது மாத்திரைப் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லலாம் என்பதே எமது வேண்டுகோள்.

நான்காம் கூறாகிய குடும்பத்தை மருத்துவம் எப்போது மதித்தது என்பதும் சுவையான வரலாறு. பெங்களூரில் 1847-இல் மனநோயாளர் காப்பகம் தோன்றியது. 1925-இல் மைசூர் அரசு அதற்கு மனநோய் மருத்துவமனை என்று பெயரிட்டது. 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனம் இங்கு அமைந்தது. இரண்டும் 1974 டிசம்பர் 27-இல் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. காப்பகக் காலத்தில் நோயாளி உள்ளே, குடும்பம் வெளியே என்பதே முறை. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் என்பார் வேறொன்று செய்தார். வளாகத்திலேயே கூடாரமடித்து, நோயாளிகளுடன் அவர்தம் உறவினரையும் தங்கவைத்தார். உடனிருந்து கற்ற உறவினர் அஞ்சாமல் நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் சென்றனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் நிம்ஹான்ஸும் குடும்பத்துடன் தங்கிச் சிகிச்சை பெறும் வழியைப் பின்னர் வளர்த்தன. இன்றும் ஓசூர் சாலையில் அவ்வளாகத்துள் சென்றால், தருமபுரியிலிருந்தும் கிருட்டிணகிரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம்மவர்கள் மரத்தடியில் சோற்று மூட்டையை அவிழ்ப்பதைக் காணலாம். அங்குத் தமிழ் பேச ஆள் தேடவேண்டியதில்லை. முன்பெல்லாம் பேருந்து நடத்துநர் அந்த நிறுத்தத்திற்கு வைத்திருந்த பெயரைக் கேட்கக் கூசி, டெய்ரி சர்க்கிளிலேயே இறங்கி, நோயாளியைக் கைப்பிடித்து நடத்திச் சென்ற பெற்றோர்களை நாம் கண்டிருக்கிறோம்.

நான்காமவர் சோர்ந்து விழும்போது நடப்பது என்ன என்பதை 2001 ஆகஸ்டு 6 நமக்குக் காட்டியது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். அவர்களை அங்குக் கொண்டுவிட்ட குடும்பத்தார் எல்லாரும் கல்நெஞ்சர் என்று நாம் எண்ணவில்லை. கையிருப்பும் உடல்வலிவும் ஒருங்கே தீர்ந்தவர்கள் அவர்களுள் பலர் இருந்திருப்பர். எமது ஃபிட்டர் நண்பரே மூன்றாம் ஆண்டில் அப்படியோர் இடத்தை விசாரித்ததாகச் சொன்னார்.

மருத்துவம் அருகில் கிடைத்தால் பாதிச் செலவு குறையும். ஒருநாள் மருத்துவமனைக்குச் செல்வதென்றால் இரண்டு பேரின் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகின்றன அன்றோ? இதனை உணர்ந்தே நிம்ஹான்ஸ் 1980-களில் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சியளித்து, அங்கேயே மாத்திரை கிடைக்க வழி செய்தது. அம்முயற்சியைப் பின்பற்றியே 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் நாடெங்கும் விரிவடைந்தது. எனினும் நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 2019-இல் வெளிவந்த ஒரு கணக்கு 0.75 என்றது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசு உதவிப்பணி இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணை இம்மலரின் பின்னட்டையில், சமையல் எரிவாயு முகவரின் எண்ணுக்கு மேலே அச்சிட ஆசிரியர் இசைந்துள்ளார்.

சட்டம் பற்றி ஒரு சொல். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. உடல்நோய்க்குக் காப்பீடு அளிப்பது போன்றே மனநோய்க்கும் அளிக்கவேண்டும் என்று அது காப்பீட்டு நிறுவனங்களைப் பணிக்கிறது. நம்மில் பலர் ஆண்டுதோறும் தவணை கட்டுகிறோம். பத்திரத்தில் அப்பகுதியைப் படித்தவர் எத்தனை பேரோ! நீண்ட நாள் நோயினால் இயலாமைக்கு ஆளானவர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்றிதழ் பெறவும் வழியுண்டு. சான்றிதழ் வாங்கினால் பெயர் கெடும் என்று அஞ்சிச் சலுகையை விட்டுவிடுகின்றனர். அந்த அச்சத்தின் விலையையும் செலவுப் பக்கத்திலேயே எழுதவேண்டும்.

நோயிலிருந்து மீண்டவர் வேலைக்குத் திரும்புவதே பொருளாதாரத்தின் மறுபக்கம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமாகிய ஸ்கார்ஃப் மருந்தோடு தொழிற்பயிற்சியையும் சேர்த்தே அளித்துவருகிறது. நிம்ஹான்ஸின் மறுவாழ்வுப் பிரிவிலும் ரொட்டிச் சாலை, தச்சுவேலை, தையல், அச்சுவேலை முதலியவற்றில் பயிற்சி உண்டு. அந்த ரொட்டியை நாம் வாங்கி உண்டிருக்கிறோம், நன்றாகவே இருக்கிறது. எமக்கு வயதாகிவிட்டமையால் கரையை வெட்டிவிட்டுத் தின்னவேண்டியிருக்கிறது என்பதே குறை. ஆனால் பயிற்சி பெற்று வெளிவருபவருக்கு வேலை கொடுப்பவர் யார்? நம் காலனியிலேயே சிறுதொழில் நடத்துவோர் பதினைந்து பேருக்குக் குறையாமல் இருக்கின்றனர். நகலெடுக்கும் கடைக்காரர் ஒருவர் மட்டும் துணிந்தார். அரைநாள் வேலை, அமைதியான மூலை, மாதமொருமுறை மருத்துவரைக் காண ஒருநாள் விடுப்பு ஆகிய மூன்றையும் அவர் கொடுத்தார். தமக்கு நட்டமில்லை என்று எம்மிடம் சொன்னார். நல்ல கணக்குப் பிள்ளை அவர்!

இனி நம் வீட்டுக் கதவையே தட்டுவோம். நம் சங்கத்திற்கு மருத்துவ உதவி நிதி ஒன்று உண்டு. தணிக்கையாளர் என்ற முறையில் அதன் கோப்பைக் கடந்த மாதம் புரட்டினோம். இதயம், சிறுநீரகம், முழங்கால், கண்புரை ஆகியவற்றிற்கு உதவியிருக்கிறோம், பெருமைப்படத்தக்க பணி. மனநோய் என்று ஒரு விண்ணப்பமும் இல்லை. எவருக்கும் நோய் இல்லாமையாலா? விண்ணப்பங்களைச் செயற்குழுக் கூட்டத்தில் பெயரோடும் நோயோடும் உரக்கப் படிக்கிறோம். கூட்டம் முடிந்து தேநீர் ஆறுவதற்குள் காலனி முழுவதும் தெரிந்துவிடுகிறது. எமது ஃபிட்டர் நண்பர் இந்நிதிக்கு ஆண்டுதோறும் சந்தா கட்டியவர். ஒருமுறையும் கேட்கவில்லை.

ஆகவே செயற்குழுவின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறோம். மனநோய்க்கான மருந்துக்கும், உடன் செல்பவரின் பயணத்திற்கும் அவர் இழக்கும் நாட்கூலிக்கும் இந்நிதியிலிருந்து உதவலாம் என்று விதியில் ஒரு வரி சேர்க்கவேண்டும். விண்ணப்பத்தில் 'நோயின் பெயர்' என்னும் இடத்தைச் செயலாளரும் நமக்கு உதவும் மருத்துவரும் மட்டுமே பார்க்கும்படி தனித்தாளாக ஆக்கவேண்டும். இதற்கெனத் தனி அச்சுக்கூலி ஆகாது. பழைய படிவங்கள் தீர்ந்துவிட்டன. அடுத்த மாதம் எப்படியும் புதிதாக அச்சிடப் போவதாகப் பொருளாளர் சொன்னார்.

சலங்கை ஒலி கேட்கிறது. சிறுமியருக்கு வழிவிடுகிறோம்.